அட்டை என்றால் கிழியும்

ஃப்ளெக்ஸ் கடை தர்மராஜ் உள்ளேயிருந்து இரண்டு அட்டைக் குழாய்களைத் தோளில் சாய்த்துத் தூக்கிவந்து சுவரோரம் நிறுத்தினான். பேனர் துணி சுற்றி வருகிற குழாய்கள். ஆள் உயரத்துக்கு மேலேயே இருந்தன. அம்சவல்லி ஒன்றைச் சாய்த்து, வாயோரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அமுங்கவில்லை. நகத்தால் தட்டினாள். கட்டையைத் தட்டுகிற சத்தம் வந்தது. நல்ல குழாய்தான். நல்ல குழாயாக இருந்ததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"மாமா நேத்து வந்து கேட்டாருக்கா" என்றான் தர்மராஜ். "நீங்க சொன்ன மாதிரியே இல்லன்னுட்டேன். இப்பல்லாம் கம்பெனிக்காரனே குழாய திருப்பி எடுத்துக்கறான்னு நானா ஒரு பொய்யும் சேத்து வுட்டேன்."

"நல்லது. இனிமேலும் அதையே சொல்லு."

"உங்களுக்கு எதுக்குக்கா இவ்ளோ குழாயி?"

"பட்டுப்பொடவ சுத்தி வெக்க. மடிச்சு வெச்சா மடிப்புல கிழிஞ்சுபோவுது."

தர்மராஜ் அவள் கட்டியிருந்த பூனம் புடவையைப் பார்த்தான். இதற்கு முன்னாலும் அவள் இதே காரணத்தைச் சொல்லி இங்கிருந்து குழாய் வாங்கிப் போயிருக்கிறாள். அத்தனை குழாயிலும் சுற்ற வேண்டுமென்றால் கடைவீதியில் ஒரு பட்டு மாளிகையே அவள் பேரில் இருக்க வேண்டும். ஆனால் அக்கா என்று கூப்பிட்டுப் பழகியவளிடம் அதைக் கேட்க முடியாது. தூக்கிவிட மட்டும் செய்தான்.

விருத்தாசலத்தில் அட்டைக் குழாய் எங்கெங்கே கிடைக்கும் என்று இப்போது அம்சவல்லியைத்தான் கேட்க வேண்டும். ஜவுளிக்கடையில் ஸ்கிரீன் துணி சுற்றிய குழாய் கிடைக்கும், ஆனால் சுவர் மெலிசு. ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் சுருளுக்கு உள்ளே இருக்கும் குட்டைக் குழாய்தான் எல்லாவற்றிலும் கெட்டி. தையல்காரர்களிடம் கிடைக்கும் நூல்கண்டுக் கூம்பு ஒன்றுக்கும் உதவாது. பெரிய செல்லோடேப் தீர்ந்த பிறகு மிஞ்சும் வளையங்களைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. நாலைந்து வளையத்தைப் பசை போட்டு அடுக்கினால் அதுவும் குழாய்தான் என்று அவள் வீட்டில் ஒருவர் கண்டுபிடித்திருந்தார். மங்கலம்பேட்டை பாய் கடையில் அவர் தீபாவளிக்கு முன்னாலேயே சொல்லிவைத்திருப்பது தெரிந்து, பஸ் ஏறிப்போய், "அவருதான் அனுப்பினாரு" என்று சொல்லி மொத்தத்தையும் வாங்கிவந்துவிட்டாள். பாய் நல்ல மனுஷர். சணல் போட்டுக் கட்டிக்கூடக் கொடுத்தார்.

அந்த ஒருவர் அவளுடைய வீட்டுக்காரர் தமிழ்ச்செல்வன். ஜங்ஷன் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கம்மாபுரம் பக்கத்து விவசாயிகள் எரிந்துபோன தண்ணி மோட்டாரை டூவீலரில் வைத்துக் கட்டிக்கொண்டு அவரைத் தேடித்தான் வருவார்கள். குடி கிடையாது, சீட்டு கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஊரடங்குக் காலத்தில் செல்போனில் எதையோ பார்த்து வாணம் செய்யும் ஆசை வந்தது. விற்பதற்கு இல்லை. கார்த்திகைக்குத் தெருவில் ஒரே ஒரு பூவாணம். தரையில் வைத்துப் பற்றவைத்தால் மாடி உயரத்துக்குப் பொன்னாகக் கொட்டும். தெருவே வெளியே வந்து நின்று பார்க்கும். அதற்காக வருஷம் பூராவும் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து எதையாவது வெட்டிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருப்பார்.

போன கார்த்திகைக்குக் குழாய் பக்கவாட்டில் கிழிந்தது. ஒரு கண நேரம்தான். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் வழன்றுபோயிற்று, இரண்டு புருவமும் கருகிற்று. ஆஸ்பத்திரியில் வெந்நீர் கொட்டிக்கொண்டது என்று சொல்லிவைத்தார்கள். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் இருக்கிற மகளிடமும் அதே வெந்நீர்தான். புருவம் திரும்பி முளைத்தது. ஆனால் அந்தக் கையை அவர் சோற்றுத் தட்டில் வைக்கிற ஒவ்வொரு முறையும் அம்சவல்லி அவருடைய கண்ணைப் பார்த்தாள். இன்னும் ஒரு சாண் மேலே கிழிந்திருந்தால் கண். அந்த மனுஷனுக்குக் கண்ணும் கையும்தான் பிழைப்பு, மயிரிழைக் கம்பியைச் சுற்றுகிற பிழைப்பு. இதைச் சொன்னால், "நான் என்ன குடிக்கிறனா, கூத்தியா வெச்சிருக்கனா? வருசத்துக்கு ஒரு வாணம்" என்பார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். அதனாலேயே அவளுக்கு அது ஆத்திரமாக இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் இதெல்லாம் செய்தால் போலீசு பிடிக்கும் என்று பயமுறுத்தினாள். "ஒரே ஒரு வாணத்துக்கா?" என்றார்.

வேறு வழியில்லாமல் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினாள். இந்தப் பக்கத்தில் போலீசு கேட்காததை, கோர்ட்டு கேட்காததைக் கொளஞ்சியப்பரிடம் தாளில் எழுதிக் கட்டிவிட்டு வருவார்கள். நடந்தால் திரும்பப் போய் ராஜினாமா கொடுத்து பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. அன்றைக்கு அவளைப் பைக்கில் உட்காரவைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனதே தமிழ்ச்செல்வன்தான். யார் மேல் பிராது என்று கேட்கவில்லை. வெளியே வேப்பமர நிழலில் நின்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வரும்போது கரும்புச்சாறு வாங்கித்தந்தார். மாதங்கள் போயின. சாமிக்கும் ஆயிரம் கேஸு இருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகுதான் காரியத்தைத் தானே எடுத்துச் செய்வதென்று தீர்மானித்தாள்.

கொட்டகையில் ஒரு தகர டப்பாவில் வாண மருந்து இருக்கிறது. அதன் பூட்டைத் தொடக்கூட அவளுக்கு நடுக்கம். குழாயைத் தொடலாம். குழாய் இல்லாமல் மருந்தை எதில் அடைப்பார்? வாங்கிவந்த குழாய்களை அவர் கடைக்குப் போனதும் ஆக்ஸா பிளேடால் துண்டு போட்டு, துணி ஊறவைக்கும் தொட்டியில் அமுக்கிவைப்பாள். சாயங்காலம் அட்டை ஊறி ரிப்பன் ரிப்பனாகப் பிரிந்துவரும். வெயிலில் காயப்போட்டு வெந்நீர் அடுப்பில் எரிப்பாள். அந்த வெந்நீரில்தான் அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகை நெருங்கியது. தமிழ்ச்செல்வன் குழாய் தேடி அலைவதைத் திடீரென்று நிறுத்திவிட்டார். கடைவிட்டு நேரத்துக்கு வந்தார், டிவி பார்த்தார், கத்தரிக்காய் வாங்கிவந்தார். அம்சவல்லிக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும், பிராதை வாபஸ் வாங்க வேண்டும் என்று அவரிடமே சொன்னாள். "போலாமே" என்றார். சொல்லும்போது லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது.

சனிக்கிழமை அம்சவல்லி வேலைக்குப் போகிற பீங்கான் கம்பெனியில் வேலை தலைக்கு மேல் இருந்தது. கார்த்திகைக்கு அகல் விளக்கு ஒரு பக்கம், எப்போதும் போகிற கரண்டு சாமான் ஒரு பக்கம். அவள் அச்சிலிருந்து வந்த, இன்னும் சுடாத பச்சைக் குழாய்களின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹீட்டருக்குள் கம்பி போவதற்கான வெள்ளைக் குழாய்கள். சுடும் முன்னால் அவை வெண்ணெய் மாதிரி கைக்கு இணங்கும். எதிரில் உட்கார்ந்து அகலுக்கு மூக்கு பிடித்துக்கொண்டிருந்த பூவாயி, கூட வேலை பார்ப்பவள், பேச்சுவாக்கில் சொன்னாள்.

"உன் வூட்டுக்காரரு நேத்து மத்தியானம் வந்தாரே, சொன்னாரா?"

"இங்கியா? எதுக்கு?"

"நீ சாப்புடப் போயிருந்த. பின்னாடி ரிஜெக்ட் குமிச்சிருக்குதுல்ல, அதுல குழாயா பாத்துப் பொறுக்கினாரு. மோட்டாருக்கு வேணும்னாரு. மேஸ்திரியும் எடுத்துக்கப்பான்னுட்டாரு. சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொன்னா காதுல வெச்சு தட்டிப் பாத்து, வெடிப்பு இல்லாததாத்தான் எடுத்தாரு."

அம்சவல்லியின் கை நின்றுவிட்டது. மோட்டாருக்குப் பீங்கான் குழாய் எதற்கு? இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கையிலிருந்த பச்சைக் குழாயைப் பார்த்தாள். அவளையும் அறியாமல் அழுத்தியதில் அது நசுங்கி விரல் தடம் பதிந்திருந்தது.

போன வருஷம் சரியாகக் காயாத சாமான் ஒன்று சூளைக்குள் வெடித்தது. சூளை ஆறிப்போய்த் திறந்து பார்த்தபோது சில்லு ஒன்று எதிர்ச்சுவரின் செங்கல்லில் பாதிக்கு மேல் செருகிக்கொண்டு நின்றது. மேஸ்திரி குறடு போட்டுத்தான் பிடுங்கினார். அது வெறும் ஈரம். உள்ளே மருந்து இல்லை. சுட்ட பீங்கானின் முனை எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு உள்ளங்கையிலும் வெட்டு வாங்காத இடம் கிடையாது.

அவள்தான் ஊரிலிருந்த அட்டையையெல்லாம் துடைத்தெடுத்தாள். அட்டை இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார் என்று நினைத்தாள். வேறு ஊராக இருந்தால் நிறுத்தியிருப்பாரோ என்னவோ. இந்த ஊரில் தெருவுக்குத் தெரு பீங்கான் குப்பை கிடக்கிறது. ஸ்பாஞ்சைப் போட்டுவிட்டு எழுந்தாள். தலைவலி என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தாள்.

கொட்டகைக் கதவு திறந்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்துவிட்டிருந்தார். பலகையில் பீங்கான் குழாய்கள் வரிசையாக நின்றன. கழுவித் துடைத்து, பளபளவென்று. கிளேஸ் மெருகு பூசிய வெள்ளையில் கதவு வழியாக வந்த வெளிச்சம் வழுக்கியது. பார்க்க அழகாக இருந்தன என்பதை அவளால் இல்லையென்று சொல்ல முடியாது.

"வெளிய வாங்க" என்றாள்.

"என்ன அதுக்குள்ள வந்துட்ட?"

"எதையும் தொடாத. அப்பிடியே எழுந்து வெளிய வா."

நீங்க போய் நீ வந்திருந்தது. தமிழ்ச்செல்வன் எழுந்து வந்தார்.

"எதுலனா ரொப்பிட்டியா?"

"ஒன்னுல. இப்பத்தான், பாதி. என்னாச்சு அம்சா?"

"அத எடுத்தாந்து தொட்டியில போடு. தண்ணி ரொம்பி இருக்குது. மெதுவா போடு."

"அம்சா, இது கெட்டி. அட்ட மாதிரி கிழியாது. போன வருசம் கிழிஞ்சதாலதான இந்தக் கை இப்பிடியாச்சு? நீ பயந்தியேன்னுதான் கெட்டியா பாத்து எடுத்தாந்தேன். புஸ்வாணத்த மண்ணுலதான செய்யறான், அது என்னா வெடிக்குதா?"

அவள் பயந்தாளாம், அதற்காகக் கெட்டியாகப் பார்த்து எடுத்தாராம். அம்சவல்லிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "முன்ன தொட்டியில போடு. பொறவு பேசலாம்" என்றாள்.

அவர் அதை இரண்டு கையாலும் ஏந்திவந்து தண்ணீருக்குள் விட்டார். குமிழ் விட்டுக்கொண்டே அடிக்குப் போய்ப் படுத்தது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. அவள் உள்ளே போய், விரல் விட்டுப் பார்த்து, காலிக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துவந்து துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள். அவருடைய சுத்தியையே எடுத்தாள்.

"தள்ளி நில்லு. செவுத்துக்குப் பின்னாடி போ."

முந்தானையை முகத்தில் சுற்றிக்கொண்டு கோணிச் சாக்கை மேலே போட்டாள். போட்ட சாக்கு ஒரு பக்கம் விலகியிருந்ததை அவள் பார்க்கவில்லை. ஓங்கி ஒரே அடி. குழாய் உடைந்த சத்தத்தைவிட, கொல்லையில் வாழையில் ஏதோ பட்ட சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தண்டில் ஒரு கோடு. கிட்டப் போனால்தான் தெரிந்தது, சில்லு முழுசாக உள்ளே போயிருந்தது. வெளியில் நகக்கண் அளவுக்கு வெள்ளை. அதைச் சுற்றி வாழைப்பால் ஊறி வழிந்துகொண்டிருந்தது.

தமிழ்ச்செல்வன் விரலால் பிடுங்கிப் பார்த்தார், வரவில்லை. கடைப் பையிலிருந்து குறடு எடுத்துவந்து பிடித்து இழுத்தார். விரல் நீளத்துக்கு வந்தது. அதைத் தன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, வாழைத்தண்டில் இருந்த ஓட்டையின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இது சுத்தியால அடிச்சது" என்றாள். "உள்ள மருந்து இல்ல. தெருவுல அத்தன புள்ளைங்க நிக்கும். அட்டன்னா கிழியும். இது கிழியாது, தெறிக்கும். தெனமும் நான் கையில புடிக்கிற சாமான், என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா சண்ட வரும்." சில்லைக் கீழே போடவும் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். "அட்ட கெடச்சிருந்தா நான் ஏன் இத எடுக்கறேன்? மங்கலம்பேட்ட வரைக்கும் போயிட்டேன். உங்க வூட்டம்மா வந்து வாங்கிட்டுப் போனாங்களேன்னு பாய் சொன்னாரு."

அவள் சுத்தியைக் கீழே வைத்தாள்.

"வெந்நீர் அடுப்புச் சாம்பலப் பாத்தாலே தெரியுது, அம்சா. விறகுச் சாம்பலா அது?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீயும்தான் கேக்கல."

அவள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் சுற்றிய முந்தானையை அவிழ்த்தாள். "வுட்டுடுவியா? இப்ப சொல்லு. வுட்டுடறேன்னு சொல்லு."

அவர் வாழைத்தண்டில் இருந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினார். "சொல்லலாம். சொல்லிட்டுப் பொறவு உனக்குத் தெரியாம எங்கனா போயிச் செய்வேன். அதுக்கு சொல்லாமயே இருக்கலாம்."

அந்தப் பதிலுக்கு அவரை அங்கேயே நாலு அறை அறையலாம் போல இருந்தது. பொய் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி. ஆனால் அவருடைய வாயிலிருந்து வந்ததை அவள் நம்பினாள். நிறுத்த மாட்டார். அவள் எதை மறைத்தாலும் அதைவிட மோசமான ஒன்றைத் தேடிப்பிடிப்பார், அவளுக்குத் தெரியாமல், சத்தமில்லாமல், கத்தரிக்காய் வாங்கிவந்து கொடுத்துக்கொண்டே. அப்படியானால் தெரிந்து நடக்கட்டும். என்ன குழாய் என்பதையாவது அவள் முடிவு செய்வாள்.

முந்தானையை மறுபடியும் முகத்தில் சுற்றிக்கொண்டு, சாக்கை நாலு பக்கமும் இழுத்துக் கல் வைத்து மூடிவிட்டு, மீதிக் குழாய்களையும் உடைத்தாள். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. தமிழ்ச்செல்வன் சொல்லாமலே முறத்தையும் விளக்குமாறையும் எடுத்துவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தர்மராஜ் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான். அம்சவல்லி வருவதையும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாமா பைக்கில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்து அவனுக்கு முகம் மாறியது. சொன்ன பொய்க்கெல்லாம் இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டுமோ என்று நினைத்திருப்பான்.

"குழாயி இருக்குதா தர்மராஜி?"

"பொடவ சுத்தவாக்கா?"

"வாணம் செய்ய."

அவன் அவளைப் பார்த்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். "போன வருசம் மாமாவுக்குக் கை..."

"தெரியும். நான்தான மருந்து போட்டேன். கெட்டியா ஒன்னு குடு. ஒன்னு போதும். இனிமே அவரு வந்து கேட்டா இல்லன்னே சொல்லு. நான் வந்து கேட்டா மட்டும் குடு."

அவன் நாலைந்து எடுத்துப் போட்டான். அவள் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தாள். ஒன்று ஓரத்தில் நனைந்து உப்பியிருந்தது, வேண்டாம் என்றாள். இன்னொன்றில் ஒட்டு விட்டிருந்தது. மூன்றாவதை நகத்தால் தட்டி, கட்டைவிரலால் அழுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள். சுத்தமாக இருந்தது. மறுமுனையின் வட்டத்துக்குள் தமிழ்ச்செல்வன் பைக்கில் உட்கார்ந்து கண்ணாடியில் புருவத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "இது" என்றாள்.

பைக்கில் ஒரு பக்கமாக உட்கார்ந்து குழாயின் அடியைக் கால்மிதியில் ஊன்றித் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். வண்டி நகரும் முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். "எங்க வெக்கணும்னு நான்தான் சொல்லுவேன். தெருவுல கெடயாது, ஆத்து மணல்ல. புள்ளைங்க எங்க நிக்கணும்னு நான் கோடு போடுவேன். தண்ணி பக்கெட்டோட பக்கத்துல நிப்பேன். வேணாம்னு நான் சொன்னா அன்னிக்கு வேணாம்."

"சரி."

"சும்மா சரின்னு சொல்லாதீங்க."

"சரிங்கறேன்ல."

பாலக்கரை தாண்டியதும் மணவாளநல்லூர் போகிற வழி வந்தது. தமிழ்ச்செல்வன் வண்டியை மெதுவாக்கி இண்டிகேட்டரைப் போட்டார். "இன்னிக்குப் பிராத வாங்கணும்னு சொன்னியே. போவமா?"

"யாரு மேலன்னு தெரியுமா?"

"தெரியாமயா கரும்புச்சாறு வாங்கிக் குடுத்தேன்?"

அவருடைய முதுகில் ஒரு குத்து வைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பின்னால் உட்கார்ந்திருந்ததால் அவருக்குத் தெரியாது. "கேஸு இன்னும் முடியல" என்றாள். "நேரா போங்க."

இண்டிகேட்டரை அணைத்துவிட்டு அவர் நேராக விட்டார். ரோடு காலியாக இருந்தது. வண்டி வேகமெடுத்ததும் குழாயின் மேல் வாயில் காற்றுப் புகுந்து ஊவென்று ஒரு சத்தம் கிளம்பியது. எதிரில் சைக்கிளில் வந்தவன் திரும்பிப் பார்த்தான். அம்சவல்லி கையை உயர்த்தி உள்ளங்கையால் குழாயின் வாயை மூடினாள். சத்தம் நின்றது. உள்ளே அடைபட்ட காற்று பழைய வெட்டுத் தழும்புகளின் மேல் முட்டிக்கொண்டே இருந்தது. வீடு வந்து சேரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.